வெஸ்நாத் 1.18-உம் 1.19-உம் ஒரே கணினியில்: டெபியன் பொதி கட்டும் செய்முறை

'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' விளையாட்டின் பதிப்பு எண்ணில் நடுவில் இருக்கும் எண்ணைப் பார்த்தாலே அது எந்த வகை என்று தெரிந்துவிடும். இரட்டைப்படை என்றால் நிலையான பதிப்பு: 1.14, 1.16, 1.18. ஒற்றைப்படை என்றால் சோதனைப் பதிப்பு: 1.15, 1.17, 1.19. டேவிட் வைட் 2003-இல் தொடங்கிய இந்தத் திறமூல விளையாட்டில் 1.16 வரிசை 2021 அக்டோபரிலும் 1.18 வரிசை 2024 மார்ச்சிலும் வந்தன. ஒரு நிலையான வரிசைக்குள் 1.18.0, 1.18.1, 1.18.2 என்று வரும் திருத்தங்கள் சேமித்த ஆட்டத்தையும் இணையவழி ஆட்டத்தையும் உடைக்காதபடிதான் வெளியாகின்றன. வரிசை மாறும்போது அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. 1.16-இல் பாதியில் நிற்கும் போர்த்தொடரை (கதையாகத் தொடரும் ஆட்டங்களின் வரிசையை) 1.18-இல் திறந்து தொடரலாம் என்று நம்பக் கூடாது. சோதனை வரிசையில் இது இன்னும் மோசம். 1.19.4-இல் சேமித்தது 1.19.5-இல் திறக்காமல் போகலாம்.

விளையாட்டைக் கணினியில் நிறுவத்தக்க தொகுப்பாக, அதாவது பொதியாகக் கட்டுபவர் எடுக்க வேண்டிய முடிவு இங்கிருந்துதான் தொடங்குகிறது. 'வெஸ்நாத்' என்ற ஒரே பெயரில் ஒரே பொதியை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் உயர்த்தினால், கணினியை வழக்கம்போல் மேம்படுத்திய ஒருவரின் மூன்று மாத ஆட்டம் ஒரு ராத்திரியில் கைக்கு எட்டாமல் போய்விடும். ஆகவே வரிசை எண் பொதியின் பெயருக்குள்ளேயே இருக்க வேண்டும். லினக்ஸ் வழங்கலான டெபியன் இதைத்தான் செய்கிறது: மூலநிரலைக் கொண்ட மூலப் பொதியின் பெயரே 'வெஸ்நாத்-1.16', 'வெஸ்நாத்-1.18' என்று இருக்கும். டெபியன் வெளியீடுகளில், புல்ஸ்ஐயில் 1.14, புக்வார்மில் 1.16, டிரிக்ஸியில் 1.18. வெறும் 'வெஸ்நாத்' என்பது நடப்பு நிலையான வரிசையைச் சுட்டும் ஒரு வெற்றுப் பொதி. அதற்குள் விளையாட்டு எதுவும் கிடையாது.

அந்த வெற்றுப் பொதியை நிலையான வரிசையின் மூலப் பொதி மட்டுமே உருவாக்க வேண்டும். 1.18-இன் டெபியன் அடைவை அப்படியே நகலெடுத்து 1.19-க்குப் பெயர் மாற்றும்போது, பொதிகளையும் அவற்றின் சார்புகளையும் (அவற்றுக்குத் தேவையான பிற பொதிகளையும்) பட்டியலிடும் 'கன்ட்ரோல்' கோப்பில் இருக்கும் அந்தப் பத்தியை நீக்க மறப்பது சகஜம். அது அப்படியே போனால் இரண்டு மூலப் பொதிகள் ஒரே பெயரில் நிறுவத்தக்க பைனரிப் பொதி தருகின்றன என்று ஆகிவிடும். எண் பெரியது எதுவோ அது வெல்லும், 1.19 எப்போதும் வெல்லும். தனிக் களஞ்சியத்தில் இது நடந்தால், 'வெஸ்நாத்' நிறுவியிருந்த எல்லோருக்கும் அடுத்த மேம்படுத்தலில் சோதனைப் பதிப்பு போய்ச் சேரும்.

வரிசை எண் 'கன்ட்ரோல்' கோப்பில் பல டஜன் இடங்களில் வரும். மையம், தரவு, இசை, வழங்கி, கருவிகள், பிறகு ஒவ்வொரு போர்த்தொடருக்கும் ஒரு பொதி. கையால் மாற்றினால் ஓரிடத்தில் 1.18 தங்கிவிடும். அதனால் ஒரு வார்ப்புக் கோப்பில் எண்ணுக்குப் பதிலாக ஓர் அடையாளக் குறி வைத்து, உரையை மாற்றும் 'செட்' கட்டளையால் நிரப்பி, வரும் கோப்பைப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட்டில் சேர்த்துவிடுவது நல்லது. ஆனால் அந்த நிரப்பும் வேலை பொதி கட்டும் நேரத்தில் தானாக ஓடக் கூடாது. கட்டும்போது கன்ட்ரோல் கோப்பு தன்னைத்தானே மாற்றிக்கொள்வதை டெபியன் களஞ்சியம் ஏற்பதில்லை, அதற்கு நியாயமும் உண்டு: சார்புகளைப் படித்து முடித்த பிறகு சார்புகள் மாறினால் எதைக் கட்டினோம் என்றே தெரியாது.

எண் எழுதும் முறை

டெபியனில் பதிப்பு எண்களை ஒப்பிடும் விதி எளிது, ஆனால் கண்ணை ஏமாற்றும். இலக்கங்கள் எண்ணாகவே ஒப்பிடப்படும், ஆகவே 1.19.10 என்பது 1.19.9-ஐவிடப் பெரியது. எழுத்து ஒட்டினால் மதிப்பு கூடும்: '1.19.0பீட்டா1' என்று எழுதினால் அது 1.19.0-ஐவிடப் பெரியதாகிவிடும், முழு வெளியீடு வந்தும் யாருக்கும் போகாது. அலைக்குறி மட்டும்தான் மதிப்பைக் குறைக்கும். '1.19.0~பீட்டா1' என்பது 1.19.0-க்கு முன்னால் வரும்.

கிட்டிலிருந்து நேரடியாக எடுத்த நிலைக்கு '1.19.5+கிட்20250110' என்ற வடிவம் பொருந்தும்: 1.19.5-க்குப் பின், 1.19.6-க்கு முன். கமிட்டின் (கிட்டில் பதிந்த ஒரு மாற்றத்தின்) அடையாளத்தையும் சேர்க்க வேண்டுமென்றால் தேதிக்குப் பின்னால்தான் சேர்க்க வேண்டும். அந்த அடையாளத்துக்கு ஏறுவரிசை கிடையாது. முன்னால் வைத்தால் நேற்றைய நிலை இன்றையதைவிடப் பெரிதாகத் தெரியலாம். ஒரே நாளில் இரண்டு முறை எடுத்தால் தேதிக்குப் பின் .1, .2 என்று போட்டுக்கொள்ளலாம். பொதியின் திருத்த எண்ணிலும் இதே கவனம் தேவை. டெபியனின் சோதனைக் களஞ்சியமான எக்ஸ்பெரிமென்டலுக்கு '-1~எக்ஸ்ப்1' என்று கொடுத்தால், நாளை அதே பதிப்பு '-1' என்று மேம்பாட்டுக் களஞ்சியமான அன்ஸ்டேபிளுக்குப் போகும்போது இயல்பாகவே மேலேறும். சந்தேகம் வந்தால் மனக்கணக்கு வேண்டாம். பொதிகளை நிறுவும் 'டிபிகேஜி'யின் பதிப்பு ஒப்பிடும் கட்டளையில் இரண்டையும் கொடுத்துப் பார்த்துவிடுவது ஒரு நிமிட வேலை.

மூலநிரலை எங்கிருந்து எடுப்பது என்பதும் இங்கேயே வரும். கிட்ஹப் தானாகத் தரும் சுருக்கக் கோப்பில் துணைக் களஞ்சியங்கள் இருக்காது. உள்ளே வெற்று அடைவு மட்டும் இருக்கும். கட்டுமானத்தை அமைக்கும் கருவியான சீமேக் ஓடும்போதோ சற்றுப் பின்னரோ ஏதோ ஒரு தலைப்புக் கோப்பைக் காணவில்லை என்று நிற்கும். வெளியீட்டுக்கென்று குழுவினர் தரும் டார் கோப்பையே எடுக்க வேண்டும். புது வெளியீடு வந்ததா என்று பார்க்க உதவும் 'வாட்ச்' கோப்பின் தேடல் விதியை 1.18 வரிசைக்கு 1.18 என்றே இறுக்கி எழுத வேண்டும். பொதுவாக எழுதினால் ஒரு நாள் அது 1.19-ஐக் கொண்டுவந்து 1.18 பொதிக்குள் இறக்கிவிடும்.

பாதைகள்

இரண்டு பொதிகளும் ஒரே கணினியில் இருக்க வேண்டுமென்றால், இரண்டிலும் பொதுவான ஒரு கோப்புகூட இருக்கக் கூடாது. வெஸ்நாத்தின் சீமேக் அமைப்பில் இதற்கு வசதி இருக்கிறது. பைனரியின் (இயங்கு நிரலின்) பின்னொட்டுக்கு ஒரு மாறி, தரவு அடைவின் பெயருக்கு ஒரு மாறி. கட்டும் படிகளைச் சொல்லும் 'ரூல்ஸ்' கோப்பில் முதலாவதற்கு '-1.19' என்றும் இரண்டாவதற்கு 'வெஸ்நாத்/1.19' என்றும் கொடுத்தால் நிரல் கேம்ஸ் அடைவில் தனிப் பெயரிலும், தரவு ஷேர்/கேம்ஸ் கீழ் தனி அடைவிலும் போய் உட்காரும். மொழிபெயர்ப்புக் கோப்புகளும் அந்தத் தரவு அடைவுக்குள்ளேயே இருக்கட்டும். அவற்றைப் பொதுவான லொக்கேல் அடைவில் கொட்டினால் 'வெஸ்நாத்.எம்ஓ' என்ற ஒரே பெயருக்கு இரண்டு பொதிகளும் சண்டை போடும்.

மாறிகள் தொடாத சில்லறைக் கோப்புகள்தான் உண்மையில் நேரம் தின்பவை: கையேட்டுப் பக்கங்கள், டெஸ்க்டாப் கோப்பு, சின்னம், மென்பொருள் மையத்துக்கான விவரக் கோப்பு. எல்லாவற்றுக்கும் பெயரில் -1.19 சேர்த்து, டெஸ்க்டாப் கோப்புக்குள் இருக்கும் இயக்கும் வரியையும் சின்னத்தின் பெயரையும் மாற்ற வேண்டும். விவரக் கோப்பில் உள்ள அடையாளத்தை மாற்றாவிட்டால் மென்பொருள் மையம் இரண்டையும் ஒரே விளையாட்டாகப் பாவித்து ஒன்றை மறைத்துவிடும்.

டெஸ்க்டாப் கோப்பில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பட்டியலில் இரண்டையும் வேறுபடுத்த, பெயர் வரியில் '(1.19)' என்று சேர்ப்போம். அதே கோப்பில் மொழிவாரியான பெயர் வரிகளும் இருக்கலாம். கணினியின் மொழி எதுவோ அந்த வரிதான் திரையில் தெரியும். ஆங்கிலப் பெயர் வரியை மட்டும் திருத்தினால், வேறு மொழியில் கணினி வைத்திருப்பவருக்கு ஒரே பெயரில் இரண்டு பட்டன் தெரியும். எது எது என்று தெரியாமல் அழுத்துவார். எல்லாப் பெயர் வரிகளுக்கும் எண் போக வேண்டும். 'செட்' கட்டளையில் அதற்கேற்ற விதி எழுதினால் ஒரே வரியில் முடியும்.

முடித்ததும் கண்ணால் சரிபார்ப்பதை நம்ப வேண்டாம். கட்டிய பொதிகள் ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தையும் 'டிபிகேஜி-டெப்' கொண்டு பட்டியலிட்டு, கடைசி நெடுவரிசையில் உள்ள பாதையை மட்டும் வெட்டி, சாய்கோட்டில் முடியும் வரிகளை (அவை அடைவுகள்) நீக்கி, வரிசைப்படுத்தி இரண்டு கோப்புகளில் வைக்க வேண்டும்: ஒன்று 1.18-க்கு, ஒன்று 1.19-க்கு. இரண்டையும் 'காம்' கட்டளையில் -12 விருப்பத்தோடு கொடுத்தால் பொதுவான வரிகள் மட்டும் வரும். விடை வெறுமையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு வரி வந்தாலும், பயனரின் கணினியில் 'இந்தக் கோப்பு வேறு பொதியிலும் இருக்கிறது' என்று டிபிகேஜி பாதியில் நின்றுவிடும் என்று பொருள்.

அந்தப் பிழை வந்ததும் 'கான்ஃப்ளிக்ட்ஸ்' வரி ஒன்றைப் போட்டு முடித்துக்கொள்ளத் தோன்றும். செய்ய வேண்டாம். ஒன்றை நிறுவினால் மற்றது நீங்கும் என்றாகிவிட்டால், சோதனைப் பதிப்பை முயல்பவர் தன் நிலையான ஆட்டத்தை இழக்க வேண்டியிருக்கும்; பிறகு யாரும் முயல மாட்டார்கள், சோதனைப் பதிப்பு வெளியிடுவதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

இன்னொரு சோதனை, ஆட்டக்காரரின் சொந்தக் கோப்புகளுக்கு. வெஸ்நாத்தில் பயனர் தரவு அடைவின் பாதையை அச்சிட்டு வெளியேறும் விருப்பம் உண்டு, 'யூசர்டேட்டா-பாத்' என்று. இரண்டு பைனரிகளையும் அந்த விருப்பத்தோடு இயக்கினால் ஒன்று 1.18-இல் முடியும் பாதையையும் மற்றது 1.19-இல் முடியும் பாதையையும் தர வேண்டும். இரண்டும் ஒரே பாதை என்றால் பொதியை வெளியே விடவே கூடாது. சேமித்த ஆட்டங்கள் இருப்பது அங்கேதான். இந்த ஒப்பீட்டைப் பொதியின் தானியங்கிச் சோதனையாகவே எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு வெளியீட்டிலும் அது தானே ஓடும்.

சுருக்கக் கட்டளை யாருக்கு

ஆட்டக்காரர்கள் எண் இல்லாமல் 'வெஸ்நாத்' என்றுதான் தட்டச்சு செய்வார்கள். அந்தப் பெயரை, ஒரே பெயருக்குரிய நிரல்களில் ஒன்றைத் தேர்ந்து இணைக்கும் 'அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்' மூலம் ஒதுக்குவது வசதி. இங்கே முன்னுரிமை எண்ணைப் பதிப்பு எண்ணிலிருந்து இயந்திரத்தனமாகக் கணக்கிட்டால் 1.18-க்கு 118, 1.19-க்கு 119 என்று வரும். சோதனைப் பதிப்பு நிறுவிய நொடியிலேயே சுருக்கக் கட்டளையைக் கைப்பற்றிவிடும். 1.18-க்கு 118, 1.19-க்கு 19 என்று வைத்தால் நிலையானது மேலேயே இருக்கும். 1.19 மட்டும் நிறுவியிருப்பவருக்கும் கட்டளை வேலை செய்யும்.

நீக்கும் ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை மறக்கக் கூடாதது. 'பிரீஆர்எம்' என்ற அந்த ஸ்கிரிப்ட் மேம்படுத்தலின்போதும் ஓடும். அங்கே நிபந்தனையின்றி இணைப்பை நீக்கினால், 'எனக்கு 1.19-தான் வேண்டும்' என்று ஒருவர் கையால் தேர்ந்தது ஒவ்வொரு மேம்படுத்தலிலும் அழிந்து தானியங்கித் தேர்வுக்குத் திரும்பிவிடும். முதல் அளவுரு 'ரிமூவ்' அல்லது 'டீகான்ஃபிகர்' என்று இருந்தால் மட்டுமே நீக்க வேண்டும்.

வழங்கிப் பொதிக்கும் இதே போன்ற பிரச்சினை உண்டு. ஆட்ட வழங்கி 15000 என்ற போர்ட்டில் கேட்கும். இரண்டு வழங்கிகள் ஒரே போர்ட்டில் உட்கார முடியாது. சோதனை வரிசையின் சிஸ்டம்டி சேவை நிறுவியதும் தானாகத் தொடங்காதபடி செய்து, சேவைக் கோப்பில் 15001 போன்ற வேறு போர்ட்டைக் கொடுத்துவிடலாம். கட்டுப்பாட்டுக் குழாய் இருக்கும் ரன் அடைவின் பெயரிலும் வரிசை எண் வேண்டும்.

சார்புகளும் கட்டுமானமும்

நிரல் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் (செயலி வகைக்கும்) தனித்தனியாகக் கட்டப்படும். படங்கள், இசை, வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் பொது. நிரலும் தரவும் அச்சாகப் பொருந்த வேண்டும், சோதனை வரிசையில் குறிப்பாக. 1.19.5 நிரல் 1.19.4-இன் தரவைப் படித்தால் தொடக்கத்திலேயே பிழைப் பெட்டி வரலாம். அதனால் மையப் பொதி தரவுப் பொதியைச் 'சமம்' என்ற உறவோடு சார வேண்டும். அங்கே பைனரியின் பதிப்பு மாறியைப் பயன்படுத்தினால் சிக்கல்: பூஸ்ட் போன்ற நூலகம் மாறும்போது டெபியனில் மூலத்தைத் தொடாமல் நிரலை மட்டும் மறுகட்டமைப்பு செய்வார்கள், அப்போது நிரலின் எண்ணில் '+பி1' ஒட்டும், தரவுப் பொதிக்கு ஒட்டாது. சமம் என்ற நிபந்தனை உடைந்து பொதியை நிறுவவே முடியாமல் போகும். மூலத்தின் பதிப்பு மாறியைக் கொடுத்தால் இது வராது. தரவிலிருந்து நிரலை நோக்கிய சார்பு தேவைப்பட்டால் 'மூலப் பதிப்பு அல்லது மேல், ஆனால் மூலப் பதிப்பு.1~-க்குக் கீழ்' என்று வரம்பு கட்டலாம்.

சோதனை வரிசையில் புதிய போர்த்தொடர்கள் சேரும், பழையவை பெயர் மாறும். புதிதாக வந்த அடைவு எந்தப் பொதிக்கும் ஒதுக்கப்படாமல் விடுபடுவதை 'டிஹெச்_மிஸ்ஸிங்' பிடித்துக் கட்டுமானத்தை நிறுத்தும். பொதி கட்ட உதவும் கருவித்தொகுப்பான டெப்ஹெல்ப்பரின் பொருந்துநிலை 13-இல் அது இயல்பாகவே அப்படித்தான். விலக்குப் பட்டியலில் சேர்த்து வாயடைக்காமல், அந்த அடைவுக்கு ஒரு பொதி கொடுக்க வேண்டும்.

எச்சரிக்கைகளைப் பிழையாக மாற்றும் 'ஸ்ட்ரிக்ட் கம்பைலேஷன்' விருப்பம் பொதியில் அணைந்திருக்க வேண்டும். மேம்பாட்டாளர்களுக்கு அது நல்ல கருவி. களஞ்சியத்தில் ஜிசிசி கம்பைலர் ஒரு படி உயர்ந்ததும் புது எச்சரிக்கை ஒன்று கட்டுமானத்தையே முறித்துவிடும். 'எஸ்பில்ட்' கொண்டு சுத்தமான சூழலில் கட்டுவது கட்டாயம். சொந்தக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நூலகங்கள் விடுபட்ட சார்பை மறைத்துவிடும். 8 ஜிபி நினைவகமுள்ள கணினி சி++ கோப்புகளில் திணறி கம்பைலர் திடீரென்று கொல்லப்பட்டால், இணை வேலைகளை 2 அல்லது 3 ஆகக் குறைத்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

கிட்டில் இரண்டு வரிசைக்கும் தனிக் கிளைகள் இருக்கட்டும். 1.19 கிளையை 1.18 கிளைக்குள் ஒருபோதும் மெர்ஜ் செய்யாமல், இரண்டுக்கும் பொதுவான பொதித் திருத்தத்தை மட்டும் செர்ரி-பிக் செய்ய (தனியே எடுத்துச் சேர்க்க) வேண்டும். ஒவ்வொரு முறையும் மாற்றங்களைப் பதியும் சேஞ்ச்லாக் கோப்பில்தான் முரண் வரும். 'டிபிகேஜி-மெர்ஜ்சேஞ்ச்லாக்ஸ்' என்பதைக் கிட்டின் மெர்ஜ் கருவியாகப் பதிந்துவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

எக்ஸ்பெரிமென்டலில் சிக்கிக்கொள்ளும் பதிப்பு

டெபியனின் எக்ஸ்பெரிமென்டல் களஞ்சியத்தை ஆதாரப் பட்டியலில் சேர்த்தாலும் அதிலிருந்து எதுவும் தானாக வராது. அதன் ரிலீஸ் கோப்பில் 'நாட்ஆட்டோமேட்டிக்: யெஸ்' என்று இருப்பதால், பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட் அதற்கு முன்னுரிமை 1 தருகிறது. வேண்டியதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கும் வழி இரண்டு, விளைவு வேறு. -டி விருப்பத்தில் எக்ஸ்பெரிமென்டல் என்று கொடுத்தால் அந்தக் களஞ்சியம் முழுவதன் முன்னுரிமையும் 990 ஆகிவிடும். சார்புகளும் அங்கிருந்தே இழுக்கப்படும், விளையாட்டோடு சேர்ந்து நூலகங்களும் சோதனை நிலைக்குப் போகலாம். பொதியின் பெயருக்குப் பின் சாய்கோடிட்டு எக்ஸ்பெரிமென்டல் என்று கொடுத்தால் அந்தப் பொதி மட்டும் அங்கிருந்து வரும். இரண்டாவது வழியையே வழிகாட்டியில் எழுத வேண்டும். மையப் பொதியோடு தரவுப் பொதியும் 1.19 என்ற பெயரில் அங்கே மட்டுமே இருப்பதால் ஆப்ட் அதைத் தானே கண்டுகொள்ளும்.

பலரும் கவனிக்காதது இதற்கு அடுத்த கட்டம். நிறுவிய பதிப்பின் முன்னுரிமை 100. எக்ஸ்பெரிமென்டலில் வரும் புதியதின் முன்னுரிமை 1. ஆகவே 1.19.5 நிறுவியவர் எத்தனை முறை மேம்படுத்தினாலும் 1.19.5-லேயே நிற்பார். என்றோ சரிசெய்த பிழையை அவர் மறுபடி புகாராக எழுதுவார். இணைய வழங்கியும் அவர் பதிப்பை ஏற்காமல் போகலாம். தீர்வு, முன்னுரிமையை மாற்றும் 'பின்' (pin) என்ற ஒரு சிறிய கோப்பு: 'வெஸ்நாத்-1.19' என்று தொடங்கும் பொதிகளுக்கு மட்டும், எக்ஸ்பெரிமென்டலிலிருந்து வருவனவற்றுக்கு, முன்னுரிமை 500. பெயரில் வரிசை எண் இருப்பதால் இந்தப் 'பின்' கோப்பு வேறு எதையும் தொடாது.

சொந்தக் களஞ்சியம் நடத்துபவருக்கு இதைவிட நல்ல வழி கையிலேயே இருக்கிறது. களஞ்சியம் அமைக்கும் கருவியான 'ரெப்ரெப்ரோ'வின் டிஸ்ட்ரிபியூஷன்ஸ் கோப்பில் சோதனைப் பகுதிக்கு 'நாட்ஆட்டோமேட்டிக்' வரியோடு 'பட்ஆட்டோமேட்டிக்அப்கிரேட்ஸ்: யெஸ்' என்ற வரியையும் சேர்க்கலாம். முன்னுரிமை 100 ஆகும்: கேட்காதவருக்கு வராது, ஒருமுறை கேட்டு நிறுவியவருக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். நிலையான டெபியனுக்குப் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியம் இந்த முறையில்தான் இயங்குகிறது. முதல் வரி இல்லாமல் இரண்டாவதை மட்டும் எழுதினால் பலன் இல்லை.

ஃபிளாட்பேக்கில் மாறுவது

வெவ்வேறு லினக்ஸ் வழங்கல்களுக்கும் பொதுவான ஃபிளாட்பேக் முறையில் பொதியின் பெயர் ஒன்றே, நிலையானதும் பீட்டாவும் இரண்டு கிளைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுவலாம். ஆனால் விளையாட்டின் தரவு அடைவு கிளைக்கு ஒன்று அல்ல, செயலியின் அடையாளத்துக்கு ஒன்று. வீட்டு அடைவின் கீழ் '.வார்/ஆப்' என்பதற்குள் இரண்டு கிளைகளும் ஒரே இடத்தில்தான் எழுதும். வெஸ்நாத் தன் தரவைப் பதிப்பு எண்ணுள்ள துணை அடைவில் வைப்பதால் தப்பிக்கிறது. அப்படிப் பிரித்து வைக்காத ஒரு விளையாட்டுக்குப் பீட்டா கிளை தருபவர், தொடங்கும் ஸ்கிரிப்டில் பீட்டாவுக்கு மட்டும் தரவுப் பாதையை வேறாக அமைத்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும். பீட்டா ஒருமுறை புது வடிவில் எழுதிய கோப்பை நிலையானது படிக்காது, திருப்பிக் கொண்டுவரவும் வழி இருக்காது.

பட்டியலில் தெரியும் பட்டனும் ஒரு கிளைக்குத்தான் கிடைக்கும். எதற்கு என்பதை 'மேக்-கரன்ட்' கட்டளை தீர்மானிக்கும். மற்றதை 'ரன்' கட்டளையில் கிளைப் பெயரைச் சொல்லி இயக்க வேண்டும்.

வரிசை கைமாறும் நாள்

ஒற்றைப்படை வரிசை முதிர்ந்து இரட்டைப்படையாகும்போது, 1.19 பொதியைப் பெயர் மாற்றி 1.20 என்று மேம்படுத்தலாமா என்ற கேள்வி வரும். புதிய மூலப் பொதியாகவே தொடங்குவது சரி. புதுப் பெயர் என்பதால் டெபியனில் அது 'நியூ' வரிசையில் காத்திருந்து, பதிப்புரிமை விவரங்கள் மறுபடி பரிசீலிக்கப்பட்டுத்தான் உள்ளே போகும். அதற்கான நாட்களைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். வெற்றுப் பொதியைப் புதிய மூலத்துக்கு மாற்றுவது, பழைய நிலையான மூலத்திலிருந்து அந்தப் பத்தியை நீக்கிப் பதிவேற்றுவது, முன்னுரிமை எண்ணை 120 ஆக்குவது, வாட்ச் கோப்பைத் திருத்துவது ஆகியவை ஒரே நாளில் நடக்கட்டும். 1.19-ஐ எக்ஸ்பெரிமென்டலிலிருந்து நீக்கச் சொல்லும் கோரிக்கையை, 1.20 எல்லாக் கட்டமைப்புகளிலும் கட்டி முடிந்த பிறகு அனுப்பலாம். 1.18-ஐ அன்றே நீக்கச் சொல்ல வேண்டாம். அதில் பாதியில் நிற்கும் போர்த்தொடரை முடிக்க ஆட்டக்காரர்களுக்குச் சில மாதங்கள் வேண்டும், அதுவரை இரண்டும் அருகருகே இருக்கும்.